ஆசாரி பதில்கள்: பலகையை வேகவைத்துப் பார்க்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிளைவுட் பற்றித்தான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் அவசரம். அதனால் மற்றதையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னல் கொக்கி பற்றிக் கேட்ட பெரம்பூர் அம்மா கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: புது ஃபிளாட்டில் சமையலறைக்கும் இரண்டு பெட்ரூம் அலமாரிக்கும் சேர்த்து 18 எம்.எம். பிளைவுட், எட்டுக்கு நாலு, 16 ஷீட் தேவை என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடையில் 'எம்.ஆர்.' சதுர அடி 68 ரூபாய். இன்னொரு கடையில் '710 மெரைன்' 124 ரூபாய். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. எதற்கு இவ்வளவு வித்தியாசம்? — வாசகர், கொளத்தூர்

முதலில் காசைப் பார்த்துவிடுவோம் சார். ஒரு ஷீட் 32 சதுர அடி. 16 ஷீட் என்றால் 512 அடி. அடிக்கு 56 ரூபாய் வித்தியாசம். மொத்தம் 28,672 ரூபாய். ஃபிரிட்ஜே வாங்கிவிடலாம்.

பார்க்க ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், வித்தியாசம் பலகையின் முகத்தில் இல்லை, உள்ளே இருக்கிற பசையில் இருக்கிறது. மரத்தைக் கரும்புத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒரு தகட்டை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கி, பசை போட்டு, சூட்டில் அழுத்துகிறார்கள். எம்.ஆர்., அதாவது 'மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட்' பலகையில் போடுவது யூரியா பசை. காற்றில் இருக்கிற ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. 710-ல் போடுவது பீனால் பசை. ஐ.எஸ். 710 என்ற தரத்தின்படி அந்தப் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் தகடு பிரியக் கூடாது. நடுவில் ஒன்று இருக்கிறது, பி.டபிள்யூ.ஆர்., அதாவது 'பாய்லிங் வாட்டர் ரெசிஸ்டன்ட்', கொதிநீர் தாங்குகிற ரகம். அதுவும் எம்.ஆரும் ஐ.எஸ். 303-க்குள் வருகிறவை. பி.டபிள்யூ.ஆருக்கு எட்டு எட்டு மணி நேரமாகக் கொதிக்கவைத்துக் காயவைத்துச் சோதனை. எம்.ஆருக்கு 60 டிகிரி வெந்நீர்தான், கொதியே கிடையாது.

ஒன்றை மறக்கக் கூடாது. 'வாட்டர் ப்ரூஃப்' என்பது பசைக்குத்தான். மரம் மரம்தான், தண்ணீரைக் குடிக்கும், கொஞ்சம் உப்பும். 710 வாங்கிவிட்டோம் என்று சிங்க்குக்குக் கீழே குழாய் ஒழுகுவதை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பலகையும் காப்பாற்றாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சமையலறைக்கு 710 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். அலமாரிக்கு, பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஃபிளாட்டில் பெரும்பாலும் இருக்கும். அந்த அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். கேளுங்கள். காய்ந்த சுவரில் நிற்கிற அலமாரிக்கு நல்ல எம்.ஆரே போதும். அதிலும் தரையைத் தொடுகிற அடிக்கட்டையை மட்டும் 710 துண்டில் செய்யச் சொல்லுங்கள். தினமும் வீடு துடைக்கிற ஈரத்துணி முதலில் முத்தம் கொடுப்பது அந்த நாலு அங்குலத்துக்குத்தான். சமையலறைக்கு ஆறு ஷீட் போனாலும், மீதிப் பத்து ஷீட்டில் உங்கள் 28,672-ல் 17,920 வரைக்கும் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. பி.டபிள்யூ.ஆர். எத்தனை ஷீட் போடுகிறீர்களோ அதற்குத் தக்கபடி கொஞ்சம் குறையும்.

ஆனால் இதெல்லாம் 710 என்று முத்திரை போட்டது நிஜமாகவே 710-ஆக இருந்தால்தான். அதைத்தான் அடுத்த கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கடைக்காரர் முத்திரையைக் காட்டுகிறார், நம்புவதா? நாங்களே சோதிக்க வழி உண்டா? நான் பள்ளி ஆசிரியை, மரம் பற்றி ஒன்றும் தெரியாது. — வாசகி, குரோம்பேட்டை

டீச்சரம்மா, பேப்பர் திருத்துகிற கண் இருக்கிறதே, அதுவே போதும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் தலையில் ஐ.எஸ். எண் இருக்கும், காலடியில் சி.எம்./எல். என்று ஆரம்பிக்கிற லைசென்ஸ் எண் இருக்கும். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர், எந்தத் தரம், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே செய்யுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு சோதனைதான்.

அப்புறம் பலகையை விளிம்பில் பாருங்கள். சைடனாம்ஸ் ரோட்டில் ஒரு கடையில் போன மாதம் ஒரு வீட்டுக்காரரோடு நின்றேன். அவர் பலகையின் முகத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார், பட்டுப்புடவை பார்க்கிற மாதிரி. நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். தகடுகளை எண்ணினால் பதினொன்று. 18 எம்.எம்.முக்குப் பதினொன்றோ பதின்மூன்றோ இருக்கலாம், எப்போதும் ஒற்றைப்படை. எண்ணிக்கை சரி. ஆனால் மூன்றாவது தகட்டில் ஒரு விரல் நகம் நுழைகிற அளவுக்குக் கறுப்பாக ஒரு பொந்து. இன்னும் இரண்டு அடி தள்ளி ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. உள்ளே தகடுகளைச் சேர்த்துத் தைக்காமல் துண்டு துண்டாகப் பரப்பினால் இப்படித்தான் வரும். அந்தப் பொந்து இருக்கிற இடத்தில் கீல் வந்து, திருகைப் போட்டால் காற்றில் சுற்றும். கதவு ஒரு வருடத்தில் தொங்கும்.

விளிம்பு முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தால்? நல்ல கம்பெனிகளும் அடிக்கிறார்கள், தப்பில்லை. ஒரு முனையை அரை அங்குலம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்த ரோட்டில் கடைக்கா பஞ்சம்.

பிறகு காசால் தட்டுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அரை அடிக்கு ஒரு தட்டு. இறுகிய இடம் 'டக் டக்' என்று சொல்லும். பொந்து இருக்கிற இடம் காலிப் பானை மாதிரி 'தொப்' என்னும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கனமும் அளந்து பாருங்கள். 18 என்று விற்பது 16½ இருக்கும். தரப்படி ஐந்து சதவீதம்தான் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 17-க்குக் கீழே போகவே கூடாது. வெர்னியர் காலிபர் எடுத்துப்போய் நாலு பக்கமும் அளந்தால், மைக்கா ஒட்டும்போது மேடு பள்ளம் வருமா என்பதும் தெரிந்துவிடும்.

எடை? எட்டுக்கு நாலு 18 எம்.எம். ஷீட் லேசான மரத்தில் 32 கிலோ அளவிலும், கெட்டி மரத்தில் 40 கிலோவரையும் வரும். ஒருத்தரே ஒரு கையில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு மாடி ஏறினால் சந்தேகப்படுங்கள். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள். சரியாகக் காயாத பலகையும் கனக்கும்.

கடைசிச் சோதனை, வேகவைப்பது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நானே செய்தேன். மூன்று கடைகளிலிருந்து உள்ளங்கை அகலத்தில் துண்டு வாங்கி வந்து, உளியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறி அடையாளம் போட்டேன். மொட்டை மாடியில் செங்கல் அடுப்பு, பழைய அலுமினியக் குண்டான், மேலே ஒரு கல். வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மதியம் இதான் கூட்டா?" என்றாள். எம்.ஆர். துண்டு முக்கால் மணி நேரத்தில் வாய் பிளந்தது. இரண்டாவது, 710. ஐந்து மணி நேரம் கழித்து எடுத்துப் பழைய கத்தியை விளிம்பில் செருகி நெம்பினேன், மரநார்தான் கிழிந்ததே தவிரப் பசை விடவில்லை. மூன்றாவதும் 710 என்று முத்திரை போட்டதுதான். மூன்று மணி நேரத்தில் மழையில் நனைந்த பழைய பாடப் புத்தகம் மாதிரி இதழ் இதழாக விரிந்துவிட்டது. தண்ணீரும் சிவந்திருந்தது, சாயம். பீனால் பசை கறுஞ்சிவப்பாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனதால், யூரியா பசையில் சாயம் கலந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பசைக்கோட்டின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வீட்டுக் குக்கரில் மட்டும் போடவேண்டாம் அம்மா. பசையின் நெடி ரப்பரில் ஏறினால் சாம்பாரில் வரும்.

கேள்வி: 'முழுக்க கர்ஜன்' என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். கர்ஜன் என்றால் என்ன? — வாசகர், மூலக்கடை

பர்மா, அந்தமான் பக்கம் வளர்கிற பெரிய மரம். கெட்டியாக, செம்பழுப்பாக இருக்கும், முகத்தகட்டுக்கு அருமையானது. பர்மாக்காரர்கள் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மேல் தகடு கர்ஜன் என்றால் நம்பலாம், 'முழுக்க' என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். உள்ளே பெரும்பாலும் தைல மரம், சில்வர் ஓக், மலைவேம்பு, வடக்கிலிருந்து வருகிற பாப்ளர், கேரளாவிலிருந்து வந்தால் ரப்பர் மரம். இதில் கேவலம் ஒன்றுமில்லை. நன்றாகக் காயவைத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கிய தைல மரம், பொந்து விழுந்த கர்ஜனைவிட எவ்வளவோ மேல்.

முகத்துக்குச் சாயம் பூசுகிறவர்களும் உண்டு. ஈரத்துணியால் ஒரு மூலையை அழுத்தித் துடையுங்கள், துணி சிவந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நான் முதன்முதலில் பிளைவுட்டைப் பார்த்ததே தேயிலைப் பெட்டியில்தான். வியாசர்பாடியில் அப்பா வேலை பார்த்த மரக்கடை வாசலில் பழைய பெட்டிகளைக் கிலோ கணக்கில் விற்பார்கள். ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள், மூடியைத் திறந்தால் டீ வாசனை. அதைப் பிரித்து நான் செய்த புறாக் கூண்டு எட்டு மழைக்காலம் மொட்டை மாடியில் நின்றது. அப்போதெல்லாம் நல்ல பலகை என்றால் அசாம் பக்கத்துச் சரக்கு. 1996 டிசம்பரில் காட்டு மரம் வெட்டுவது பற்றி சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்த பிறகு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. தோட்டத்து மரம் வந்தது அப்புறம்தான். கர்ஜனும் அந்தக் காலத்து மயக்கம்தான், இன்னும் தெளியவில்லை.

கேள்வி: எங்கள் கார்ப்பென்டர் ஒரு குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார். வேறு கடை என்றால் 'வேலைக்கு நான் பொறுப்பில்லை' என்கிறார். கமிஷனா? — வாசகி, முகப்பேர்

ஆமாம் அம்மா, பெரும்பாலும் கமிஷன்தான். என் ஜாதித் தொழில்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

நானும் வாங்கியிருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு கடை. பெயர் வேண்டாம், முதலாளி இப்போது இல்லை. ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார், தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடிப்பார். ஒரு வருடம் காசுக்குப் பதில் வெட் கிரைண்டர் கொடுத்தார். அந்தச் சரக்கை வைத்து அசோக் நகரில் ஒரு சமையலறை செய்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் அந்த வீட்டுப் பெரியம்மா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சிங்க் அடிக்கதவு அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "காபி சாப்பிடறீங்களா ஆசாரி?" என்று கேட்டார். என் கைக்காசில் கீழ்ப்பகுதி முழுக்கப் பிரித்துச் செய்து கொடுத்தேன். கிரைண்டர் இன்னும் வீட்டில் ஓடுகிறது. இட்லி மாவு அரைக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் காபிதான் ஞாபகம் வரும்.

உங்கள் ஆளைத் துரத்தவேண்டாம். அவருக்குப் பலகை பார்க்கத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்தக் கண்ணுக்குக் கூலி கொடுங்கள். "அண்ணே, அரை நாள் சம்பளம் தனியா தர்றேன், என்கூட மூணு கடைக்கு வாங்க, நீங்களே பொறுக்கி எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் வருவார்கள். கமிஷன் கொடுக்கிற கடையும் அந்தக் காசை உங்கள் சதுர அடியில்தான் ஏற்றுகிறது, ஆகையால் அரை நாள் சம்பளம் தனியாகக் கொடுப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

பில்லில் 'பிளைவுட் 16 எண்ணம்' என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். தரம், ஐ.எஸ். எண், கனம், அளவு, எத்தனை ஷீட் எல்லாம் இருக்க வேண்டும். 21 வருட கியாரண்டி அட்டை கொடுத்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். பலகைக்குப் பலகை தருவோம் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். மைக்காவுக்கும் கூலிக்கும் யார் தருவார் என்று கேளுங்கள்.

கேள்வி: யூடியூப் பார்த்து நானே புத்தக அலமாரி செய்தேன். 12 எம்.எம். பிளைவுட், தட்டு நீளம் நாலு அடி. நாலே மாதத்தில் தட்டெல்லாம் நடுவில் தொங்குகிறது. பலகை மட்டமா? — கல்லூரி மாணவர், அம்பத்தூர்

பலகைமேல் பழி போடாதே தம்பி. கணக்குத்தான் தப்பு.

அடிக்கு இவ்வளவு புத்தகம் என்று ஒரே சீராக அடுக்கினால், தட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கும்போது தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும். எஞ்சினியரிங் படிக்கிற பையன் என்றால் உன் வாத்தியாரைக் கேள், சூத்திரமே போட்டுக் காட்டுவார். கனம் நம் பக்கம்: 12-ஐ 18 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். இனிமேல் பிரித்துப் போட வேண்டாம். நடுவில் ஒரு நிலைப்பலகை செருகு, நாலடி இரண்டடி ஆகிவிடும். அதுவும் முடியாது என்றால் தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குலத்தில் ஒரு மரப்பட்டியைச் செங்குத்தாக ஒட்டித் திருகு போடு.

உன் போட்டோவில் இன்னொன்று பார்த்தேன். இரண்டு தட்டில் முகத்தின் ரேகை குறுக்கே ஓடுகிறது. ஷீட்டை மிச்சம் பிடிக்கத் திருப்பி வெட்டியிருக்கிறாய். ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும், அந்தப் பக்கம்தான் பலம். அடுத்த முறை வெட்டுவதற்கு முன் கிராஃப் பேப்பரில் ஷீட்டை வரைந்து துண்டுகளை அடுக்கிப் பார். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் மூன்று எம்.எம். சாப்பிடும், அதையும் கழித்துக்கொள். சில சமயம் ஏழுக்கு நாலு ஷீட்டே போதும் என்று தெரியும். நாலு சதுர அடி காசு மிச்சம்.

ஆறேழு அடி உயரக் கதவு செய்வதாக இருந்தால் பிளைவுட் வேண்டாம், பிளாக் போர்டு வாங்கு, கரும்பலகை இல்லை, அதுவும் ஒரு மரப்பலகைதான். உள்ளே மரச்சட்டங்கள் நீளவாக்கில் படுத்திருக்கும், சீக்கிரம் வளையாது.

பால்டிக் பிர்ச் என்கிற வெளிநாட்டு பிளைவுட் பற்றியும் கேட்டிருந்தாய். ஐந்துக்கு ஐந்து ஷீட்டாக வரும், முழுக்க பிர்ச் தகடு, 18 எம்.எம்.மில் பதின்மூன்று அடுக்கு, பொந்தே இருக்காது. வெட்டிய விளிம்பு அழகு. ஆசைக்கு ஒரு சின்னப் பெட்டி செய், புத்தக அலமாரிக்கு அந்தக் காசைப் போடாதே.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அலமாரி காய்ந்துவிட்டது, ஆனால் கதவு மூடவில்லை. காப்பாற்றலாமா? — வாசகர், முடிச்சூர்

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே திருப்புளியால் குத்திப் பாருங்கள். புதைந்தால் அந்தப் பலகை போய்விட்டது. விறைப்பாக இருந்து, விளிம்பில் தகடும் பிரியாமல் இருந்தால் கீலைக் கழற்றி, அரை எம்.எம். இழைத்து மாட்டினால் மூடும். அழுத்தின மரத்தூள் பலகையில் செய்த ரெடிமேட் அலமாரியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது ஊறின பிஸ்கட். அந்தத் தெருவில் மறுபடி செய்யும்போது கீழே ஓரடிக்கு கருங்கல் போட்டு மேலே மரவேலையை ஆரம்பியுங்கள். 2015-இலும் தண்ணீர் பார்த்த ஊர் அது.

கேள்வி: அலமாரிக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டுகிறது. கரையானா? — வாசகி, திருவொற்றியூர்

கரையான் மண் கட்டும், மாவு கொட்டாது. இது உளுக்கிற வண்டு. மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதற்கு அது விருந்து. குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை தெரியும். ஓட்டையில் ஊசியால் மருந்து செலுத்தி மெழுகால் அடையுங்கள். பாதிக்குமேல் ஓட்டை என்றால் அந்தப் பலகையை வெளியே எடுத்துவிடுங்கள், பக்கத்துப் பலகைக்கும் போகும். 710 தரத்தில் பூச்சி மருந்து ஏற்றியே தீரவேண்டும். மற்றதில் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்ததும் மிச்சத் துண்டுகள் யாருக்குச் சொந்தம்? எங்கள் ஆசாரி மூட்டை கட்டிவிட்டார். — வாசகர், சைதாப்பேட்டை

காசு கொடுத்தது நீங்கள், துண்டும் உங்களுடையது. ஆனால் அரை அடி, முக்கால் அடித் துண்டை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள், பரணில் பல்லி குடும்பம் நடத்தும். இரண்டடிக்கு மேல் இருப்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மூட்டையை அவிழ்த்து, அதிலேயே பாத்திரம் தேய்க்கிற அம்மா உட்கார ஒரு முக்காலி செய்து கொடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. 710 துண்டில் செய்யச் சொல்லுங்கள், அது தண்ணீரிலேயே கிடக்கப் போகிறது.